சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்: பேட்டரி எதனால் தேய்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளம் பக்கம் வீடு. கோயம்புத்தூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. பழைய லேப்டாப்பை மூன்று வருடமாகச் சார்ஜரிலேயே போட்டு ஓட்டினீர்கள். வாங்கியபோது நாலரை மணி நேரம் நின்ற பேக்கப் இப்போது ஒன்றரை மணி நேரம்தான் நிற்கிறது. புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், அதற்கும் இந்தக் கதி வரக் கூடாது. மச்சான் தினமும் ஒரு தடவை பூஜ்யம் வரை இறக்கச் சொல்கிறார். அப்பா இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி எப்போதும் முழுதாக வைக்கச் சொல்கிறார். வாங்கின கடையில் 100 ஆனதும் சார்ஜரைப் பிடுங்கிவிடச் சொன்னார்கள். இதில் யார் பேச்சைக் கேட்பது என்கிறீர்கள்.

உங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "பேட்டரியை நான் தொடவே இல்லையே, எப்படித் தேய்ந்தது?" நிஜமான கேள்வி அதுதான். அதற்குப் பதில் பிடிபட்டால் மச்சான், அப்பா, கடைக்காரர் மூவரையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

நான் சித்தூரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன். பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா சித்தூர் அல்ல. பார்சல் அனுப்புகிறவர்கள் அடிக்கடி குழம்புவதால் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு நீண்ட காலமாக இந்த மேஜைதான். உப்பிய பேட்டரிகளை நிறையக் கழற்றியிருக்கிறேன். ஆனால் நான் வேதியியல் ஆராய்ச்சியாளன் இல்லை. உங்கள் லேப்டாப்பை நேரில் பார்க்காமல் அதன் பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்வது ஜோசியம். அதை நான் செய்யப் போவதில்லை.

முதலில் பலருக்கும் இருக்கும் பயத்தைத் தீர்த்துவிடலாம். சார்ஜரைச் செருகியே வைத்தால் பேட்டரிக்குள் கரண்ட் ஏறிக்கொண்டே இருந்து நிரம்பி வழியும் என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. லேப்டாப் போர்டில் சார்ஜிங்கைக் கவனிக்க ஒரு தனி ஐசி (சிப்) இருக்கிறது. பேட்டரி நிரம்பியதும் அது சார்ஜிங்கை நிறுத்திவிடும். அதன்பிறகு அடாப்டரிலிருந்து வரும் மின்சாரம் நேராக லேப்டாப்பை ஓட்டும். பேட்டரி சும்மா இருக்கும். பல லேப்டாப்களில் 100 ஆன பிறகு 95-ஐ ஒட்டி இறங்கினால்தான் மறுபடி ஏற ஆரம்பிக்கும். ஆகவே "ஓவர்சார்ஜ்" ஆகிக் கெட்டது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். கரண்ட் கூடிக் குறைந்து வந்ததால் பேட்டரி போச்சு என்பதும் அநேகமாகத் தப்பு. அடாப்டரின் மேலேயே 100-லிருந்து 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டு வோல்டேஜ் இறங்கினாலும், அடாப்டரிலிருந்து வெளியே வருவது அதே சீரான டிசி மின்சாரம்தான்.

அப்படியானால் சும்மா இருந்த பேட்டரி ஏன் தேய்ந்தது? லித்தியம் பேட்டரிக்கு இரண்டு வகை முதுமை உண்டு. ஒன்று, ஏற்றி இறக்கி உழைப்பதால் வருவது. இன்னொன்று, வெறுமனே நாள் கழிவதால் வருவது. உங்களுடையது இரண்டாவது வகை. பேட்டரி என்பது சில செல்களின் தொகுப்பு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கிராஃபைட் தட்டின்மேல் மெல்லிய படிவு ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்கும். அது இல்லாவிட்டால் செல் வேலையே செய்யாது. ஆனால் அது வளர்ந்துகொண்டே போகும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகக் காரை பிடிக்குமே, அந்த மாதிரி. படிவு தடிக்கத் தடிக்க, மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் மாட்டிக்கொள்கிறது. போன லித்தியம் திரும்பாது. எதிர்த் தட்டில், வோல்டேஜ் அதிகமாக இருக்கும்போது உள்ளே இருக்கும் திரவமும் மெதுவாகச் சிதைகிறது. அதில் வாயு உண்டாகிறது. பேட்டரி உப்புவது இந்த வாயுவால்தான்.

இந்த இரண்டு கேட்டையும் வேகப்படுத்துபவை இரண்டு: முழுச் சார்ஜ், சூடு. சாதாரண லித்தியம் செல் 100 சதவீதத்தில் 4.2 வோல்ட்டில் நிற்கும். இப்போது வரும் சில வகைகளில் 4.35, 4.4 வரைகூட ஏற்றுகிறார்கள். அந்த உயரத்தில் செல் எப்போதும் இறுக்கத்தில் இருக்கிறது. 'பேட்டரி யூனிவர்சிட்டி' என்ற தளத்தில் வெளியாகி எங்கள் தொழிலில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. 25 டிகிரி சூட்டில், 40 சதவீதச் சார்ஜில் ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரி ஏறத்தாழ 4 சதவீதக் கொள்ளளவை இழக்கும். அதே சூட்டில் 100 சதவீதத்தில் வைத்தால் 20 சதவீதம் போகும். 40 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜில் இருந்தால் 15, முழுச் சார்ஜில் இருந்தால் 35. இந்த எண்களை உங்கள் லேப்டாப்புக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். செல்லின் வகையைப் பொறுத்து மாறும், நல்ல கம்பெனி செல்கள் இதைவிட நன்றாகவே தாங்குகின்றன. ஆனால் போக்கு சந்தேகத்துக்கு இடமில்லாதது. நிறைவு தனியாக ஒரு கேடு, சூடு தனியாக ஒரு கேடு, இரண்டும் சேர்ந்தால் மோசம்.

இனி நம் ஊரை நினைத்துப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் 40 டிகிரி எட்டுவது புதிதல்ல. கான்கிரீட் கூரைக்குக் கீழே, மாடியறையில், மத்தியானம் இரண்டு மணிக்கு, மீட்டிங்கில் வீடியோ போட்டபடி லேப்டாப் ஓடுகிறது. அறையே 36 டிகிரி என்றால் லேப்டாப்பின் வயிற்றுக்குள் பேட்டரி 45-ஐ நெருங்கிவிடும். அது 100 சதவீதத்தில் நிற்கிறது. மூன்று வருடம் இப்படி. உங்கள் பழைய பேட்டரி நாலரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. குளிர் அறையில் ஏசிக்குக் கீழே இதே மாதிரி சார்ஜரில் இருந்திருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காது. ஆகவே சார்ஜரை மட்டும் குற்றவாளி ஆக்கினால் பாதிதான் பிடிபடும்.

இப்போது அந்த மூன்று யோசனைகள். வேடிக்கை என்னவென்றால் மூன்றிலும் உண்மை இருக்கிறது, ஆனால் வேறு வேறு பேட்டரிக்கு. மச்சான் சொல்வது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான வழக்கம். கார்ட்லெஸ் போன், பழைய ஷேவர், ஆரம்ப காலத்து லேப்டாப்களில் அதுதான் இருந்தது. அரைகுறையாகவே இறக்கி ஏற்றினால், அதையே ஞாபகம் வைத்துக்கொண்டது போல, அதன் கொள்ளளவு குறைந்தது போல் ஆகும். முழுக்க இறக்கினால் சரியாகும். சோனி 1991-ல் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லேப்டாப்கள் அதற்கு மாறிய பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. லித்தியத்துக்கு அந்த ஞாபகக் கோளாறு கிடையாது. தினமும் பூஜ்யம் வரை இறக்கினால் தினமும் ஒரு முழுச் சுற்று உழைப்பை வீணாகச் செலவழிக்கிறீர்கள், அவ்வளவுதான். அப்பா சொல்வது இன்வெர்ட்டரின் ஈய அமில பேட்டரிக்கு நூற்றுக்கு நூறு சரி. அதை அரைகுறையாக வைத்தால் தட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டுவிடும். எப்போதும் நிறைவாகத்தான் இருக்க வேண்டும். அதே வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பேட்டரி நிறைந்திருக்க ஆசைப்படுகிறது, மேஜைமேல் இன்னொன்று பாதியில் இருக்க ஆசைப்படுகிறது. அப்பாவிடம் சண்டை போடாதீர்கள், இன்வெர்ட்டர் விஷயத்தில் அவர் பேச்சைக் கேளுங்கள். கடைக்காரர் சொன்னதுதான் உண்மைக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் 100-ல் பிடுங்கி, 20-க்கு இறக்கி, மறுபடி 100 ஏற்றுவது என்று நாள் முழுக்க நடத்தினால் முழுச் சார்ஜின் கேடு ஓரளவு குறைந்து உழைப்பின் தேய்மானம் கூடும். அதோடு மீட்டிங் நடுவில் அணைந்துபோகும் தொல்லை வேறு.

செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். சார்ஜர் செருகியே இருக்கட்டும், பேட்டரியை 80-க்கு மேல் ஏறவிடாமல் நிறுத்திவிடுங்கள். சில வருடங்களாக வரும் லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் இதற்குச் செட்டிங் இருக்கிறது, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். லெனோவோ என்றால் 'வான்டேஜ்' என்ற செயலியில் 'கன்சர்வேஷன் மோட்'. மாடலைப் பொறுத்து 60-லோ 80-ஐ ஒட்டியோ நிறுத்தும். திங்க்பேடில் எந்த அளவில் ஏற ஆரம்பிக்க வேண்டும், எதில் நிற்க வேண்டும் என்று இரண்டு எண்களையும் நாமே கொடுக்கலாம். டெல்லில் ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படைச் செட்டிங் திரைக்குள் போனால் பேட்டரிப் பகுதியில் 'ப்ரைமரிலி ஏசி யூஸ்', 'கஸ்டம்' என்று இருக்கும். கஸ்டமில் 50-க்கும் 80-க்கும் வைத்துவிடலாம். ஹெச்பியின் அலுவலக மாடல்களில் எஃப்10 அழுத்தினால் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்' வரும். 'மேக்ஸிமைஸ் மை பேட்டரி ஹெல்த்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 80-ல் நிற்கும். ஆசுஸில் 'மைஆசுஸ்', ஏசரில் 'கேர் சென்டர்' அல்லது 'ஏசர்சென்ஸ்', எம்எஸ்ஐயில் 'எம்எஸ்ஐ சென்டர்'. மேக்புக்கில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' என்று ஒன்று உண்டு. அது உங்கள் பழக்கத்தைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும், சில நாள் 80-ல் நிற்கும், சில நாள் நிற்காது. கறாராக நிறுத்த 'ஆல்டென்டே' மாதிரி தனிச் செயலி போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. லினக்ஸ்காரர்களுக்கு டிஎல்பி என்ற பேட்டரிச் செயலி தெரிந்திருக்கும். லினக்ஸின் புதிய க்னோம், கேடிஇ டெஸ்க்டாப்கள் இரண்டிலும் இப்போது செட்டிங் பக்கத்திலேயே வந்துவிட்டது, ஆனால் லேப்டாப்பின் வன்பொருள் ஒத்துழைக்க வேண்டும்.

உங்களுடையது எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. கம்பெனி கொடுத்த செயலி இல்லையென்றால் அவர்கள் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடி இறக்குங்கள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுக்கும் கடைகளில் இந்தச் செயலியைத் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். "என் லேப்டாப்பில் அப்படி ஒரு ஆப்ஷனே இல்லை" என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். செட்டிங் நிஜமாகவே இல்லாத மாடல் என்றால் கையால் செய்யலாம். காலையில் வேலை தொடங்கும்போது சார்ஜரை எடுத்துவிட்டு 40, 50 வரை இறங்கவிட்டு, பிறகு 80 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். மறந்துபோனால் உலகம் முழுகாது. டைமர் வைத்த ப்ளக் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை, ஆனால் கெடுதலும் இல்லை.

80-ஆ, 60-ஆ, 75-ஆ? இங்கேதான் உறுதி கொஞ்சம் தளர்கிறது. வோல்டேஜ் குறையக் குறைய ஆயுள் கூடும் என்பது உறுதி. உச்ச வோல்டேஜில் 0.1 குறைத்தால் சுற்று ஆயுள், அதாவது எத்தனை தடவை ஏற்றி இறக்கலாம் என்பது, ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தொழிலில் சொல்லும் கைக்கணக்கு. ஆனால் 100-லிருந்து 80-க்கு வருவதில் கிடைக்கும் லாபம் பெரிது. 80-லிருந்து 60-க்கு வருவதில் கிடைப்பது அதைவிடச் சிறிது. அந்தச் சிறிய லாபத்துக்காகக் கரண்டு போகும்போது கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது எல்லோருக்கும் ஒத்து வராது. இன்வெர்ட்டர் இருக்கும் வீடு, வெளியே எடுத்துப் போகவே மாட்டீர்கள் என்றால் 60 வைக்கலாம். இல்லையென்றால் 80 போதும். வெளியூர் போகிற அன்று மட்டும் காலையில் 100 ஏற்றிக்கொண்டு போங்கள். சில மணி நேரம் 100-ல் இருப்பதால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் அங்கேயே நிற்பதுதான் கேடு.

செட்டிங் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள், சூடு இன்னும் பாக்கி இருக்கிறது. நம் ஊரில் அதுதான் பெரிய எதிரி என்பது என் கருத்து. எத்தனையோ பேர் 80 வைத்துக்கொண்டு மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து ஓட்டுகிறார்கள். அடியில் காற்றுப் போகும் ஓட்டை அடைந்து உள்ளே கொதிக்கிறது. கட்டை மேஜை நல்லது. பின்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் இன்னும் நல்லது. கார்த்திகை, மார்கழியில் வாளையாற்றுக் கணவாய்க் காற்று கிளம்பினால் ஜன்னல் ஓரத்தில் இருக்கும் லேப்டாப்புக்குள் எவ்வளவு தூசி போகிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். ஃபேனுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து துடைத்து, ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றிவிட்டால் சூடு நன்றாக இறங்கும். பேட்டரிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. விண்டோஸ் பவர் செட்டிங்கில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' போட்டு வைத்திருந்தால், எக்செல்லும் ப்ரௌசரும் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது தேவையில்லை, 'பேலன்ஸ்டு' போதும். வெளி மானிட்டரில் வேலை செய்கிறவர்கள் லேப்டாப்பை மூடி வைக்கும்போது சில மாடல்களில் கீபோர்டு வழியாகப் போகும் சூடு உள்ளேயே தங்கிவிடும். திறந்தே வைத்துத் திரையை மட்டும் அணைத்துவிடலாம். கூலிங் பேட் பற்றி எப்போதும் கேட்பார்கள். அடியிலிருந்து காற்று உறிஞ்சும் மாடல் என்றால் பயன் உண்டு. அடியில் ஓட்டையே இல்லாத மாடலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

சார்ஜ் ஏறும்போது இருக்கும் சூடு இன்னொன்று. லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்ய 0-விலிருந்து 45 டிகிரி வரைதான் பொதுவான எல்லை. வெயிலில் நிறுத்திய காரிலோ பைக் பெட்டியிலோ இருந்து எடுத்து வந்தவுடனே செருகாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் பகலில் போய்வருகிற காருக்குள் லேப்டாப்பை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது, ஒரு மாத நல்ல பழக்கத்தையும் ஒரே மத்தியானத்தில் சாப்பிட்டுவிடும்.

பேட்டரியையே கழற்றி வைத்துவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெளியிலிருந்து கழற்றும் பழைய மாடல்களில் அது நடக்கும், பேட்டரியும் பத்திரமாக இருக்கும். இப்போது வருபவை உள்ளே திருகி வைத்தவை, கழற்றுவது வேலை. கழற்றினாலும் சில லேப்டாப்கள் பேட்டரி இல்லையென்று தெரிந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், கரண்டு போன அந்த நொடியில் லேப்டாப் அணைந்துவிடும். சேமிக்காத வேலை போகும், டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தால் ஃபைலும் கெடலாம். கேஎஸ்இபி (கேரள மின் வாரியம்) லைன் ஒரு மழைக்கு எத்தனை தடவை கண் சிமிட்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா. பேட்டரி உள்ளேயே இருக்கட்டும், அது உங்கள் யுபிஎஸ்.

சார்ஜரைப் பிடுங்கியே ஆக வேண்டிய நேரம் ஒன்று உண்டு. இடி மின்னல். சித்திரைக் கோடை மழையும் ஐப்பசித் துலா மழையும் நம் பக்கம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கட்டும். கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் விடும் எச்சரிக்கையிலும் பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை கவனம் என்றுதான் வரும், மின்சாதனங்களின் இணைப்பை எடுத்துவிடச் சொல்லியும் இருப்பார்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்குங்கள். ரூட்டரிலிருந்து வயர் வழியாக லேப்டாப்புக்கு இன்டர்நெட் எடுத்திருந்தால் அந்த வயரையும் பிடுங்குங்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அடாப்டர் நன்றாக இருக்க, நெட்வொர்க் வயர் வழியாகப் போர்டு கருகி வரும் லேப்டாப்கள் என் மேஜைக்கு வருகின்றன. 80 சதவீதத்தில் நிறுத்தினாலும் புதிய பேட்டரி அந்த இரண்டு மணி நேர மழையைத் தாங்கிவிடும். அப்படிப் போகும் சார்ஜும் வீண் இல்லை. மாதத்துக்கு ஓரிரு தடவை 40, 50 வரை இறங்கி ஏறுவது நல்லதே.

முழுக்க இறக்கி ஏற்றும் 'கேலிப்ரேஷன்' பற்றி இரண்டு வார்த்தை. அது பேட்டரியின் ஆரோக்கியத்தைக் கூட்டாது. மீட்டரின் கணக்கைத்தான் திருத்தும். மாதக்கணக்கில் 80-லேயே நின்றால் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று சொல்லும் கணக்கு நழுவிவிடலாம், 30 காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். அப்படி நடந்தால் ஒரு தடவை 100 வரை ஏற்றி, 10-க்குக் கீழ் இறக்கி, இடையில் நிறுத்தாமல் மறுபடி ஏற்றுங்கள். நடக்காவிட்டால் செய்ய வேண்டாம். புதிய மாடல்களில் மீட்டர் ஐசி பெரும்பாலும் தானே திருத்திக்கொள்கிறது.

புதிய லேப்டாப்பில் இன்றே ஒரு வேலை செய்து வையுங்கள். விண்டோஸ் என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாகச் சேர்த்து அடியுங்கள். ஒரு கோப்பு உருவாகும், எங்கே இருக்கிறது என்பதையும் அதுவே சொல்லும். அதில் 'டிசைன் கெபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 50,000 என்றும் இரண்டாவது 41,000 என்றும் இருந்தால் 82 சதவீதம் மிச்சம். இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வாரா வாரம் பார்த்தால் ஒன்றிரண்டு சதவீதம் மேலும் கீழும் ஆடும், மனசுதான் கெடும். ஏற்கனவே இறங்கிப்போன கொள்ளளவைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் மென்பொருள், பேட்டரியை ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் எல்லாம் பொய். பழைய லேப்டாப் இழந்த மூன்று மணி நேரம் திரும்பாது.

ஒருவேளை ஊருக்குப் போய் ஒரு மாதம் திறக்க மாட்டீர்கள் என்றால், 50 சதவீதத்தை ஒட்டி வைத்து, முழுக்க ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். முழுச் சார்ஜிலும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். காலியாக வைத்த செல் தானாகக் கசிந்து ஒரு எல்லைக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று அதைப் பூட்டிவிடும்; பிறகு சார்ஜே ஏறாது. பள்ளி விடுமுறை முடிந்து ஜூனில் வரும் லேப்டாப்களில் இது சர்வசாதாரணம்.

இனி அந்தப் பழைய லேப்டாப். தட்டையான மேஜையில் வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, க்ளிக் செய்ய முடியாமல் இறுகியிருக்கிறதா, அடி மூடி வாய் பிளந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சார்ஜரில் போடுவதை இன்றே நிறுத்துங்கள். பேட்டரி உப்பிவிட்டது. அழுத்தி மூடப் பார்க்க வேண்டாம், குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யூடியூப் பார்த்துக் கிளம்பவும் வேண்டாம், தீப்பிடிக்கும். கழற்றத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் பஞ்சாயத்தில் வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைக்காரர்களிடம் மின்கழிவு எடுக்கும் நாளைக் கேட்டு, உப்பிய பேட்டரி என்று தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

உப்பவில்லை, ஒன்றரை மணி நேரம் இன்னும் நிற்கிறது என்றால் பேட்டரி மாற்றப் பணம் செலவழிக்காதீர்கள். வீட்டிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு, கரண்டு போனால் சேமித்து மூட அது தாராளம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கம்பெனி பேட்டரிக்கு முயலுங்கள். கிடைக்காவிட்டால் ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் பதிவு எண்ணும் உள்ளதா பார்த்து, வாரன்டியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினலைவிட அதிக மில்லிஆம்பியர் என்று பெரிய எழுத்தில் போட்டு, பாதி விலைக்கு வருவதை நான் மாட்டித் தருவதில்லை. போட்டதும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், 'டிசைன் கெபாசிட்டி' ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒத்துப்போகாவிட்டால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். புதிய லேப்டாப்பின் கம்பெனியையும் மாடல் எண்ணையும் இங்கேயே எழுதுங்கள், 80 எந்த மெனுவில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.